வயலின்களுக்கு ஓய்வு கொடுத்தவர்

ரப்பர் விலை விழுந்து சீமைக்குத் திரும்பிய தோட்டத் துரைமார்களிடம் கெஞ்சி வாங்கிய நான்கு வயலின்கள்தான் எங்கள் பெண்கள் பள்ளி இசைக்குழுவின் சொத்து. ஜொகூர் மழைக்கு ஈரம் ஏறாத ஒரே இடம் விடுதி மேட்ரனின் அறை என்பதால், அவற்றை அங்கே வைத்திருந்தோம்.

மேட்ரன் பருத்த உடம்புக்காரர். அவருடைய வெள்ளைச் சேலையில் ஒரு சுருக்கம் இருக்காது. தினமும் மாலையில் வயலின்களைத் துடைத்து, கம்பிகளையெல்லாம் தொளதொளவென்று தளர்த்திவிடுவார். மறுநாள் பயிற்சியில் பாதி நேரம் எனக்குச் சுருதி சேர்ப்பதிலேயே போய்விடும்.

“கம்பி தளர்ந்தா உள்ள நிக்கிற குச்சி விழுந்துடும் அக்கா. அத நிமித்த சிங்கப்பூருக்குத்தான் அனுப்பணும்” என்று பலமுறை சொன்னேன்.

“ராத்திரி முழுக்க வெறச்சிக்கிட்டே கிடக்கணுமா டீச்சர்? நம்மளே ரூமுக்கு வந்தா கொண்டைய அவுத்து விட்டுக்கிறோம் லா.”

பள்ளி விழாவன்று ஒரு வயலினில் அந்தக் குச்சி விழுந்தே கிடந்தது. அதை வாசிக்க வேண்டிய பெண் மேடைக்குப் பின்னால் அழுதாள். எல்லோர் முன்னிலையிலும் மேட்ரனைத் திட்டித் தீர்த்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால், மற்ற மூன்று வயலின்களிலும் மெல்லிய கம்பி அறுந்து சுருண்டு தொங்கியது.

“நீங்க சொன்ன மாதிரியே நல்லா முறுக்கி வச்சேன் டீச்சர்” என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அப்போதுதான், கம்பி தெறித்துக் கீறிய விரலை அவர் முந்தானைக்குள் மறைப்பதைக் கண்டேன். முதல் கம்பி அறுந்த பிறகும் மற்ற இரண்டையும் ஏன் விடாமல் முறுக்கினார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.