பிராசசருக்குப் பூக் கேட்ட கதை

எங்கள் வீட்டில் பூக் கேட்காமல் எந்தச் சாமானும் வாங்க மாட்டார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஃப்ரிட்ஜுக்குக் கேட்டார்கள். செவ்வரளி ஒரு பொட்டலம், நந்தியாவட்டை ஒரு பொட்டலம். இரண்டையும் இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் வாங்கலாம், வெள்ளை வந்தால் அந்தப் பேச்சே கிடையாது. ஃப்ரிட்ஜுக்கு வெள்ளை வந்தது. மூன்று கோடைக்குப் பானைத் தண்ணீர் குடித்தோம். கறம்பக்குடியில் என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன மோட்டாரை மோந்து பார்த்தே கோளாறு சொல்லிவிடுவார். வீட்டுக்கு ஒரு சாமான் என்றால் மட்டும் தன் மூளையை நம்ப மாட்டார்.

ஆகவே, கம்ப்யூட்டருக்குப் புதுப் பிராசசர் வேண்டும் என்று நான் வாயெடுத்தபோதே எனக்குத் தெரியும், இது கோயிலில் போய்த்தான் நிற்கும்.

கம்ப்யூட்டர் நான் டைப்பிங் வேலைக்கென்று வாங்கியது. போகப்போக அதில் துப்பாக்கி விளையாட்டில் சுடுவதுதான் வேலை என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஹெட்போனை மாட்டினால், சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் என் தம்பி வருவான். நாலு பேர் ஒரு அணி. அவன், அவனோடு அறையில் தங்கியிருக்கும் இரண்டு பேர், நான்.

போனில் அவன் பேச மாட்டான். சாப்பிட்டியா என்றால் ‘ம்’, உடம்பு எப்படி இருக்கு என்றால் அதற்கும் ‘ம்’. விளையாட்டில் ஏதாவது இடிந்த வீட்டுக்குள் பதுங்கியிருக்கும்போதுதான் வாயைத் திறப்பான். “அக்கா, இந்த வாரம் முதுகு ரொம்ப வலிக்குது.” “அக்கா, சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் திட்டிட்டான்.” அதற்குள் யாராவது சுடுவார்கள், பேச்சு நின்றுவிடும். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் நான் துப்பாக்கியைத் தூக்கினேன்.

ஆனி மாதம் அந்த விளையாட்டை மாற்றியமைத்தார்கள். என் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது. தம்பி ஓடு என்றால் நான் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன். படம் நகர்வதற்குள் அணியில் பாதிப் பேர் செத்திருப்பார்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, கொஞ்ச நாளைக்கு நீ வராத. இவனுக சத்தம் போடுறானுக” என்றான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வாரம் வீடியோவாகப் பார்த்து நானே ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஆறு கோர், அதாவது ஒன்றுக்குள் ஆறு மூளை, சிவப்புப் பெட்டி. என் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் போர்டில் அப்படியே உட்காரும். படம் காட்டும் கார்டு பழசு என்பதால் அதற்கு மேல் பெரிதாகப் போட்டாலும் வீண். எல்லாம் சரி. ஆனால் வாங்கவா வேண்டாமா என்று கேட்டு, ஃப்ரிட்ஜுக்கு வந்ததுபோல் வெள்ளை வந்துவிட்டால்?

அதனால் ஒரு தந்திரம் செய்தேன். “ரெண்டு இருக்குங்க, எதுன்னு தெரியல, ஆத்தாகிட்ட கேட்டுருவோம்” என்றேன். இரண்டாவதாக, வேறொரு கம்பெனியின் எட்டு கோரைச் சொல்லி வைத்தேன். நீலப் பெட்டி. என் போர்டில் அது உட்காரவே உட்காராது. தேர்தலில் டம்மி வேட்பாளர் நிறுத்துவதில்லையா, அந்த மாதிரி. நீலம் வந்தாலும், போர்டில் உட்காராது என்று சொல்லிச் சிவப்பையே வாங்கிவிடலாம் என்பது என் கணக்கு.

ஆடி வெள்ளியில் குன்றாண்டார்கோவில் பக்கத்திலுள்ள குலசாமி கோயிலுக்குப் போனோம். கேள்வியைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார் பூசாரி. என் வீட்டுக்காரர் கைகூப்பி, “ஆத்தா, எங்க கம்ப்யூட்டருக்குச் செகப்பு ஆறு கோர் போடவா, நீலம் எட்டு கோர் போடவா” என்றார்.

“எத்தன சென்ட்டுங்க?” என்றார் பூசாரி.

“எடம் இல்லங்க. பிராசசர்.”

“ம். பங்காளிக்குள்ள தகராறா?”

நீலத்துக்கு நந்தியாவட்டை என்று வைத்திருந்தோம். என் வீட்டுக்காரர் கண்ணை மூடி எடுத்துப் பிரித்தார். நந்தியாவட்டை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

“என்னங்க, அது நம்ம போர்டுல ஒக்காராது” என்றேன்.

“ஒக்காராட்டி ரெடியூசர் போட்டுக்குவோம். அளவு ஒத்து வராத பைப்புக்கெல்லாம் நான் போடலையா?”

ஆத்தாளை ஏமாற்றப் பார்த்தேன் என்று அவள் சன்னதியிலேயே எப்படிச் சொல்வது?

வரும் வழியில் புதுக்கோட்டையில் வாங்கினார். கடையிலேயே பெட்டியைப் பிரித்து, பிராசசரின் தலையில் விபூதி பூசிக் குங்குமம் வைத்தார். அப்புறம்தான் ரெடியூசர் கேட்டார். கடைக்காரர், இது எந்த ரெடியூசரிலும் அந்த போர்டில் இறங்காது என்றார். “அப்ப திருப்பி எடுத்துக்கங்க” என்றேன். “பொட்டு வச்சுட்டாரேக்கா” என்றார் அவர்.

போர்டை மாற்றலாமே என்று பஸ்ஸில் கேட்டேன். “போர்டப் பத்தி ஆத்தா ஒண்ணும் சொல்லலையே. கேக்கணும்” என்றார். எங்கள் குலசாமி ஒரு வீட்டுக்கு ஆடிக்கு ஆடி ஒரு தடவைதான் பதில் சொல்லும். இன்றைக்கு எட்டு கோரும் பூஜை அலமாரியில், கல்யாண மஞ்சளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை சாம்பிராணி அவற்றுக்கும் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் போன் போட்டேன். அடுத்த ஆடி வரைக்கும் என்னால் வர முடியாது என்று சொல்லத்தான். ஏன் என்றான். டம்மி நிறுத்தியதிலிருந்து பொட்டு வைத்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன், வீட்டுக்காரரிடம் மறைத்ததையும் சேர்த்து. விழுந்து விழுந்து சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. அறையில் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“அக்கா, எனக்கும் ஒரு பூக் கேட்டுச் சொல்றியா?”

“என்னன்னு கேக்கணும்?”

“இங்கயே இருக்கவா, ஊருக்கு வந்துரவான்னு.”

யாரும் சுடவில்லை, எங்கும் பதுங்கியிருக்கவில்லை, அவனாகக் கேட்டிருக்கிறான். அவனை ஆடி வரைக்கும் காத்திருக்கச் சொல்ல என்னால் ஆகாது. வெள்ளை வந்தால் தாங்கவும் ஆகாது.

“இதுக்கெல்லாம் பூக் கேக்கக் கூடாதுடா” என்றேன். “வந்துரு.”