நிற்க வைத்து எடுத்த படம்

திரைச்சீலை தைப்பவளுக்குக் கை ஓடும்போது வாயும் ஓடும். ஆனால் அந்த வாய் வழியாக ஆறு மாதமாகச் சாப்பாடுதான் இறங்கவில்லை. கொஞ்சம் சாப்பிட்டாலே அடிவயிறு கனத்து இழுக்கும், படுத்தால்தான் அடங்கும். ஒன்பது கிலோ போய், ஆள் துரும்பாகிவிட்டாள். இரண்டு மருத்துவமனையில் படுக்க வைத்துப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “எல்லாம் மனசுதான்” என்று அனுப்பிவிட்டார்கள். பேருந்து ஓட்டும் கணவரும் அதையே பிடித்துக்கொண்டார். கட்டியவரே நம்பாதது அவளுக்குப் பசியைவிடப் பெரிய வலி.

மூன்றாவது மருத்துவமனையிலும் படுக்கச் சொன்னார்கள். அவள் அசையவில்லை.

“படுத்தா எனக்கு வலியே இல்லையே டாக்டரம்மா! மேசையில விரிச்சு வச்ச திரையைப் பாத்து, தொங்கல் சரியா இருக்குன்னு யாராவது சொல்வாங்களா? மாட்டித்தானே பாக்கணும்? என்னை நிக்க வச்சு எடுங்க.”

படுக்கச் சொன்ன அந்த அறுவை மருத்துவர் சிரித்துவிட்டார். ஆனாலும் படத்தில் இரைப்பை தெளிவாகத் தெரிவதற்கான வெள்ளை மருந்தைக் குடிக்க வைத்து, நிற்க வைத்தே எடுத்தார். இரைப்பை இறங்கிப்போய் இடுப்பெலும்புக்குள் சட்டமாக உட்கார்ந்திருந்தது. கூட வந்திருந்த கணவர் படத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

“எடுத்த எடுப்புல கத்தி வேண்டாம்,” என்றார் மருத்துவர். “வயித்துக்குப் பட்டை போடுங்க, பயிற்சி செய்ங்க, கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க. மூணு மாசம் பாப்போம்.”

சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தாள். எடை இன்னும் இரண்டு கிலோ இறங்கியதுதான் மிச்சம்.

“ரெண்டு வழி இருக்கு,” என்றார் மருத்துவர். “சின்னச் சின்னத் துளை போட்டு, இரைப்பையைத் தூக்கி வயித்துச் சுவரோட தைக்கலாம். இல்லேன்னா இரைப்பையைக் குடலோட இணைச்சுப் புது வழி விடலாம். அது பெரிய வேலை, தொந்தரவும் கூட. உங்களுக்கு முதல் வழி போதும்னு நினைக்கிறேன்.”

“தையல் விட்டுப்போகுமா?”

“சிலருக்கு மறுபடி இறங்கறது உண்டு. பொய் சொல்ல மாட்டேன்.”

“எத்தனை இடத்துல தைப்பீங்க?”

“மூணு.”

“நாலாப் போடுங்க.”

“உள்ள போய்ப் பாத்துட்டுச் சொல்றேன், மேஸ்திரி!”

தைத்து ஆறு வாரம் ஆயிற்று. அன்று மதியம் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து தட்டைக் காலி செய்தாள். வலி வரவில்லை. படுக்கவும் தோன்றவில்லை. கணவர் கரண்டியோடு பக்கத்தில் நின்றிருந்தார்.

“நான் உன்னை நம்பியிருக்கணும்.”

“ஆமா, நம்பியிருக்கணும்,” என்றாள். சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினாள். “இன்னும் கொஞ்சம் வைங்க.”