சரோஜா டீச்சரின் காலுறை

பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சரோஜா டீச்சரின் கணவர் ஏழுமலை பேசினார். "டீச்சர் போயிட்டாங்கம்மா." மனைவியை வீட்டிலும் அவர் டீச்சர் என்றுதான் சொல்வார். என் வாயில் முதலில் வந்த சொல், "காலா?" "கால் நல்லாத்தாம்மா இருந்துச்சு. நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

அந்தக் காலை நினைத்தே பயந்துகொண்டிருந்தவள் நான். சாவு வேறு வழியாக வரும் என்று யோசிக்கவே இல்லை.

அவரிடம் கணக்குப் படித்த உங்களுக்குத் தெரியும், வகுப்பில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நாற்காலி அவருடைய கைப்பைக்கு. "உக்காந்தா கடைசி பெஞ்சு மறைஞ்சிடும்" என்பார். மாலையில் செருப்பின் வார் பதியும் அளவுக்குக் கால் வீங்கியிருக்கும். ஆசிரியர் அறையில் கட்டைவிரலால் தன் கணுக்காலை அழுத்திக் காட்டுவார். விழுந்த குழி உடனே நிரம்பாது. பிறகு என் காலையும் அழுத்திப் பார்ப்பார். "நிக்கிற வேலைக்கு வந்துட்டோம். காலை அப்பப்ப விசாரிச்சிக்கணும்."

ஒரு கோடையில் கணுக்காலின் உள்பக்கம் புண் வந்தது. புளியங்கொட்டை அளவில் தொடங்கி அகலமாகிக்கொண்டே போனது. மருத்துவரிடம் நான்தான் உடன் போனேன். ரத்தம் மேலே ஏறாமல் காலிலேயே தேங்குகிறது என்றார் அவர். பாதத்தில் நாடி ஓட்டத்தைச் சோதித்துவிட்டு, முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை எழுதித் தந்தார். எழுந்ததும் போட வேண்டும், படுக்கும்போது கழற்ற வேண்டும். புண் ஆறாவிட்டால் நின்று பாடம் நடத்துவதை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் டீச்சர், "உக்காந்து நடத்துறதுக்கு நான் வீட்லயே இருந்துடுவேன்" என்றார். சிரிக்கவில்லை.

காலுறை தோல் நிறத்தில் இருந்தது. அவர் அதைச் சாக்ஸ் என்றார். புழுக்கத்தில் அரித்தது. ஆனாலும் ஒரு நாள்கூடப் போடாமல் பள்ளிக்கு வந்ததில்லை. புண் மட்டும் ஆறவில்லை. கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் மருத்துவர் கேட்பார், "எழுந்ததும் போடுறீங்களா?" "ஆமாங்க." டீச்சர் பொய் சொல்லுகிறவர் இல்லை. எனக்குத்தான் தூக்கம் கெட்டது. கட்டைப் பிரிக்கும்போது சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஆண்டு விழாவுக்குப் பூ வாங்கப் பெரிய மார்க்கெட் போக வேண்டியிருந்தது. விடியுமுன் முத்தியால்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். டீச்சர் வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார். காலில் கட்டு மட்டும் இருந்தது.

"சாக்ஸ் எங்க டீச்சர்?"

"இன்னும் பொழுதே விடியலியேம்மா. வாசல் தெளிச்சி, கோலம் போட்டு, குளிச்சிட்டு வந்து போட்டுப்பேன். தெனமும் அப்படித்தானே."

எழுந்ததும் என்றால் மருத்துவருக்குக் கட்டிலிலிருந்து கால் தரையில் படுமுன். டீச்சருக்கோ வாசல் எழுந்த பிறகுதான் நாள் எழும். அதற்குள் காலில் ரத்தம் தேங்கிவிடும். வீங்கிய காலைத்தான் அவர் தினமும் காலுறைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். எடுத்துச் சொன்னேன். கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டார்.

"அதுக்காகக் கோலம் போடாம உட முடியுமா? இது என்ன சாவு வீடா?"

கதவுக்குப் பின்னால் ஏழுமலை நின்றிருந்தார்.

அடுத்த முறை போனபோது வாசலில் குந்தியிருந்தவர் ஏழுமலை. மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடியதிலிருந்து வீட்டில் இருந்தார். எதிர்வீட்டுப் பெண் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "இன்னா மாமா, கோலத்துல எறங்கிட்ட?"

"ஷிப்ட் மாத்திட்டாங்கம்மா. காலை ஷிப்ட் இப்ப எனக்கு."

உள்ளே கட்டிலில் கால் நீட்டிக் காலுறையை இழுத்துக்கொண்டிருந்த டீச்சர் சன்னல் வழியே குரல் கொடுத்தார். "புள்ளியை நேரா வைங்க."

"நூலையே நேரா ஓட்டுனவன் டீச்சர் நான்."

புள்ளிகள் நேராக இல்லை. ஆனால் மழைக்காலம் வருவதற்குள் புண் மூடிவிட்டது. டீச்சர் ஓய்வு பெறும் நாள்வரை நின்றுகொண்டேதான் பாடம் நடத்தினார். அதை நீங்களும் பார்த்தீர்கள்.

அவர் இறந்த அன்று அந்த வாசல் வெறுமையாக இருந்தது. பின்கட்டுக் கொடியில், முதல் நாள் இரவு அவர் துவைத்துப் போட்ட காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. பால் தெளித்த பிறகு பார்க்கப் போனபோது ஏழுமலை சொன்னார்: "கருக்கல்லயே முழிப்பு வந்துடுதும்மா. வாசல் வரைக்கும் போறேன். கோலம் போடக் கூடாதுன்னு அப்புறந்தான் ஞாபகம் வருது."

அந்தக் காலுறைகளை நான் கேட்கவில்லை. அவர் காலுக்கு அளவெடுத்து வாங்கியவை. வேறு காலுக்கு ஆகாது. நான் வைத்திருப்பது அவர் கட்டைவிரலின் பழக்கத்தை. பள்ளி விட்டதும் ஆசிரியர் அறையில் புடவையைச் சற்று உயர்த்தி, கணுக்காலை அழுத்திவிட்டு எடுக்கிறேன். சில வாரங்களாகக் குழி விழுகிறது. நிரம்பும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். காலுறை எழுதித் தந்தால், எங்கள் வாசலுக்கு யாரிடம் சொல்வது என்று இப்போதே யோசனையாக இருக்கிறது.