யசீகரன் பார்க்காமல் விட்டது

யசீகரனின் வீட்டுக் குளியலறையில் ஷவர் கிடையாது. மவுண்ட் ரோஸ்கில்லில் அந்த வீட்டுக்குக் குடிவந்த வாரமே அதன் தலையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு வாளியும் கோப்பையும் வாங்கி வைத்தான். வருகிற விருந்தாளிகள், நியூசிலாந்துக்கு வந்து பதினாறு வருடமாகியும் மனிதன் அள்ளிக் குளிக்கிற பழக்கத்தை விடவில்லையே என்று மெச்சுவார்கள். அவனும் வெட்கமில்லாமல் அந்த மெச்சலை வாங்கிக்கொள்வான். ஷவர் தலையில் நெருக்கமாக இருக்கும் சின்னத் துளைகளை அவனால் பார்க்க முடியாது என்பதுதான் உண்மை. அது தெரிந்த ஒரே ஆள் அவன் மனைவி நிருஜா.

ஒற்றைத் துளை என்றால் ஒன்றுமில்லை. உளுந்து வடையை ஆறேழு என்று உள்ளே தள்ளுவான். சிறு துளைகள் ஓரிடத்தில் கூட்டம் கூடி நின்றால்தான் பிரச்சினை. பிடரி கூசும், வாயில் எச்சில் ஊறும், ஒவ்வொரு துளையிலிருந்தும் ஏதோ ஒன்று தலையை நீட்டப்போகிறது என்று மனம் அடித்துச் சொல்லும். நாற்பத்தாறு வயது மனிதன், பொறியியல் படித்தவன், இது வெறும் மனப்பயம் என்று தனக்குத்தானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். இந்தப் பயத்துக்கு ஒரு பெயரே இருக்கிறதாம் என்று கேள்விப்பட்டு ஒருநாள் கணினியில் தேடினான். விளக்கத்தோடு படங்களும் போட்டிருந்தார்கள். கணினியை மூடிவிட்டு ஓடிப்போய் வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

நிருஜா இதற்கெல்லாம் வளைந்து கொடுத்தாள். இடியப்ப உரலின் தட்டைத் துணியில் சுற்றி மாவுப் பேணிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். அவன் வேலைக்குப் போன பிறகுதான் எடுப்பாள். அப்பம் அந்த வீட்டில் சுடுவதே இல்லை. பாத்திரம் கழுவுவதற்கு ஸ்பொஞ்சு கிடையாது, பழந்துணிதான். ஒரு தடவையாவது அவள் கோபித்துக்கொண்டு, போய் ஒரு டொக்டரிடம் காட்டுங்கள் என்று சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை.

இப்படிப்பட்டவன் வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிற வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். வீடு வாங்க இருப்பவர்களுக்காக வீடுகளைப் பரிசோதித்து அறிக்கை எழுதுகிறான். ஆக்லாந்தில் பழைய வீடுகளில் முக்கால்வாசி மர வீடுகள். போரர் என்று இங்கே சொல்லும் ஒரு வண்டு அந்த மரத்தில் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்னும். தின்று முடித்து வெளியே வரும்போது குண்டூசித் தலை அளவில் ஒரு துளை விழும், ஒன்று இரண்டல்ல, நூற்றுக்கணக்கில். வந்த புதிதில் சுப்பர்மார்க்கெட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவனுக்கு, படித்த படிப்புக்குக் கிட்டவாவது கிடைத்தது இந்த வேலை ஒன்றுதான். விசாவும் அதில்தான் தொங்கியது. மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வழியிருக்கவில்லை.

கம்பெனியில் அவன் ஒரு தந்திரம் செய்துகொண்டான். கூட வேலை செய்யும் ஆஷிஷ் பாபடோயிட்டோயில் இருக்கும் ஃபிஜிக்காரன், ஒல்லியான ஆள். தனக்கு முழங்கால் சரியில்லை என்று அவனிடம் ஒரு பொய்யைச் சொல்லி, தரைக்குக் கீழே தவழ்ந்து போகிற வேலையை அவன் தலையில் கட்டிவிட்டான். கூரையையும் சுவர் ஈரத்தையும் அறிக்கை எழுதுவதையும் தான் வைத்துக்கொண்டான். ஆஷிஷ் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, அவர்கள் கொடுத்த அறிக்கைகளில் பிழை வந்ததுமில்லை.

ஆனால் சனிக்கிழமைகளில் ஆஷிஷ் இல்லை. நம் சனத்துக்கு முப்பது வருட மோர்ட்கேஜில் கையெழுத்து வைக்கக் கை நடுங்காது, வீட்டைப் பரிசோதிக்க வருகிறவனுக்குக் கூலி கொடுக்கத்தான் நடுங்கும். எங்கட யசி இருக்கிறான்தானே, ஒரு சனிக்கிழமை வந்து பார்ப்பான் என்பார்கள். யசியும் போவான். சுவரைத் தட்டுவான், ஈரம் பார்ப்பான், தேத்தண்ணீர் குடிப்பான், காசு வேண்டாம் என்பான். கோயிலில் நாலு பேர் எழும்பி வந்து கதைக்கிற மரியாதை இதனால்தான் கிடைத்தது. அது அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது.

அப்படித்தான் ஆனந்தராசாவும் கூப்பிட்டார். விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற வேலை, ஐம்பத்தெட்டு வயது. பதினொரு வருடம் வாடகை வீட்டில் இருந்து, இனியாவது சொந்தக் கூரையின் கீழ் படுக்கவேண்டும் என்று மாசி என்கிற புறநகர்ப் பகுதியில் ஒரு பழைய மர வீட்டைப் பார்த்து வைத்திருந்தார். சரிவான காணி. வீட்டின் பின்புறத்தில் உயரமான மரக்கால்களின் மேல் பெரிய பலகைத் தளம் ஒன்று, இங்கே டெக் என்பார்கள். அதன் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் பத்தடிக்குக் கீழே கல்லும் புதருமாக ஒரு பள்ளம் தெரியும். ஏலத்தில் போகிற வீடு. எடுத்துவிட்டால் பிறகு வேண்டாம் என்று சொல்ல முடியாது.

அந்தச் சனிக்கிழமை யசீகரன் டோர்ச்சோடு டெக்குக்குக் கீழே குனிந்து போனான். முன்பு இருந்தவர் ஏதோ பழைய வீட்டை இடித்த மரத்தில் தன் கையாலேயே கட்டியிருக்கிறார் என்பது பார்த்தவுடனே விளங்கியது. நடுவில் போகும் பெரிய உத்திரத்தில் வெளிச்சம் பட்டது. முழுத் துளை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, ஒரு விரல் வைக்க இடமில்லாமல். டோர்ச்சைக் கீழே போட்டுவிட்டுப் பின்பக்கமாகவே தவழ்ந்து வெளியே வந்தான். தோட்டத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு நின்றபோது ஆனந்தராசா வந்து, எப்படி என்று கேட்டார்.

"நல்ல வீடு அண்ணை," என்றான் யசீகரன். "பயப்பிடாமல் எடுங்கோ."

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. உளுத்துக் கிடக்கிறது என்று சொன்னால், எங்கே, காட்டு என்பார். திரும்பக் கீழே போகவேண்டும், டோர்ச்சைப் பிடித்துக் காட்டவேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்துதான் சொன்னான். போரர் துளை எல்லாப் பழைய வீட்டிலும் உண்டு, மேலாக நாலு துளை இருந்தால் மரம் விழுந்துவிடாது என்று போகிற வழியெல்லாம் தன்னைத் தேற்றிக்கொண்டான். மேலாகவா, ஆழமாகவா என்று அவன் குத்திப் பார்க்கவில்லை. அதைத்தான் பார்க்க வந்தவன்.

ஆனந்தராசாவுக்கு வீடு கிடைத்தது. அதற்குப் பின் ஐந்து வாரம் யசீகரனுக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட என்று இரண்டு தடவை அவருக்குப் போன் எடுத்தான். முதல் தடவை அவர் அவனுக்கு நன்றி சொல்லியே களைத்துப்போனார். இரண்டாவது தடவை வரவேற்பறைக்கு என்ன நிறம் பூசலாம் என்று கேட்டார். இளம் மஞ்சள் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான், கோழை.

புது வீட்டுக் குடிபூரல் அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். அதற்கு முந்திய வாரம் முழுக்க மழை. விடியற்காலையில் ஐயர் வந்து ஓமம் வளர்த்தார். புகை அலாரம் கத்தாமலிருக்க அதன்மேல் பொலித்தீன் பையைக் கட்டியிருந்தார்கள். ஆனந்தராசாவின் மனைவி கௌரி பால் காய்ச்ச, அது கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது, எல்லோருக்கும் சந்தோசம். ஆனந்தராசா, வந்தவர்களிடமெல்லாம் யசீகரனின் தோளைப் பிடித்துக் காட்டி, இவன் பார்த்துச் சொன்ன வீடு என்றார். ஒவ்வொரு தடவையும் யசீகரனின் கண் பின்புறத்து டெக்குக்குப் போய் வந்தது.

ஒன்பதரைக்கு வெயில் எறித்தது. உள்ளே இருந்த சனம் சாப்பாட்டுத் தட்டோடு டெக்குக்கு வழியத் தொடங்கியது. வெளியே குளிர் என்று யசீகரன் சொல்லிப் பார்த்தான். கதிரைகளை உள்ளே இழுத்துப் போட்டான். யாரும் கவனிக்கவில்லை. அவன் கண்ணாடிக் கதவடியிலேயே நின்று, போகிற ஒவ்வொரு தலையையும் எண்ணினான். பத்து, பதினாறு, இருபத்திரண்டு. படம் எடுக்க வந்த ஜனார்த்தன் என்ற பொடியன் புல்வெளியில் நின்றுகொண்டு, எல்லோரும் விளிம்புப் பக்கமாக நெருங்கி வாருங்கள், வீட்டோடு சேர்த்து ஒரு குரூப் படம் எடுக்கவேண்டும் என்று கூப்பிட்டான். யசீகரனின் ஒன்பது வயது மகள் பிரசாந்தி நடுப் பலகையில் நின்று குதித்தாள்.

"அப்பா, இட்ஸ் பவுன்சி," என்றாள் சிரித்துக்கொண்டு. அவளுக்குக் கீழே பலகை துள்ளியது.

அவன் போய் மகளின் கையைப் பிடித்து இழுத்து வந்தான். நிருஜாவையும் உள்ளே வா என்றான். மற்ற முப்பது பேரையும் விட்டுவிட்டுத் தன் இரண்டு பேரை மட்டும் கூப்பிட்டான். அந்த வெட்கம் சாகும்வரை அவனை விடப்போவதில்லை. நிருஜா அவன் முகத்தைப் பார்த்தாள். பதினேழு வருடமாக அந்த முகத்தைப் படித்தவள், அவளுக்கு வேறொன்றும் சொல்லத் தேவைப்படவில்லை.

"நீங்கள் கீழ பாக்கேல்லை, என்ன?" என்று மெல்லக் கேட்டாள்.

அவன் மகளின் கையை அவள் கையில் வைத்தான்.

"போய்ப் பாருங்கோ. நான் சனத்தை உள்ளுக்கு எடுக்கிறன்."

அவன் வீட்டைச் சுற்றி ஓடினான். டெக்குக்குக் கீழே ஈரமண் வாடை. இந்தத் தடவை போனின் வெளிச்சத்தைத் தானே உத்திரத்துக்கு நேரே பிடித்தான். எல்லாத் துளைகளும் அவனைப் பார்த்தன. மேலே நடக்கிற காலடி ஒவ்வொன்றுக்கும் அந்தத் துளைகளிலிருந்து உளுத்த மரத்தின் மஞ்சள் மா கொட்டியது, அவன் நெற்றியில், கண் இமையில், உதட்டில். உடம்பெல்லாம் கூசி நடுங்க, பெருவிரலை வைத்து அழுத்தினான். விரல் அடிவரை உள்ளே போய்விட்டது. மேலே யாரோ சிரித்தார்கள், ஜனார்த்தன் இன்னும் கொஞ்சம் நெருங்கச் சொன்னான், உத்திரத்தின் நடுவில் மயிர் போல ஒரு வெடிப்பு அவன் கண் முன்னாலேயே நீண்டது.

அவன் போட்ட சத்தம் அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். நிருஜா மேலே நின்று பிள்ளைகளை முதலில் தள்ளினாள், பிறகு வயதானவர்களை. பாம்பு என்று யாரோ சொல்ல, நியூசிலாந்தில் ஏது பாம்பு என்று இன்னொருவர் வாதாட, எப்படியோ சனம் உள்ளே வந்து சேர்ந்தது. ஆனந்தராசா மட்டும் வரவில்லை. தன் புது வீட்டின் டெக்கில் பட்டு வேட்டியோடு நின்று, நல்ல நாளில் இப்படி அபசகுனமாகக் கத்தலாமா என்று கோபித்தார். நீதானே நல்ல வீடு என்று சொன்னாய் என்று கேட்டார்.

யசீகரன் கதவடியில் வந்து நின்றான். முகமெல்லாம் மா.

"நான் பாக்கேல்லை அண்ணை," என்றான். "துளையைக் கண்டால் எனக்குப் பயம். சின்ன வயசிலையிருந்து பயம். பயந்து ஓடி வந்திட்டு உங்களுக்குப் பொய் சொன்னனான். தயவுசெய்து உள்ளுக்கு வாங்கோ."

 ஆனந்தராசா ஒவ்வோர் அடியாக வைத்து உள்ளே வந்தார். அவனை அடிக்கப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் ஒன்றும் செய்யாமல் சுவரோரம் போய்க் குந்திக்கொண்டு, இளம் மஞ்சள் பூசிய சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். கௌரி அழத் தொடங்கினாள். துளைக்கு யாராவது பயப்படுவார்களா என்று ஒருவர் சிரித்தார், கூடச் சிரிக்க ஆளில்லாமல் நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் சரோஜாதேவி ரீச்சர் எழும்பினார். கோயில் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறவர், போன வருடம்தான் மகள் ராகவி குடும்பத்தோடு சேர்ந்து ஒரு வீடு வாங்கியவர்.

"தம்பி, எங்கட வீட்டையும் நீர்தானே வந்து பாத்தனீர்?"

"ஓம் ரீச்சர்."

"கீழ போய்ப் பாத்தனீரோ?"

யசீகரன் நிமிரவில்லை. கூடத்தில் இன்னும் மூன்று நான்கு பேர் தட்டைக் கீழே வைத்தார்கள். அவர்களுடைய வீடுகளிலும் அவன் தேத்தண்ணீர் குடித்திருக்கிறான்.

ரீச்சர் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். இரண்டு தடவை பிழையாக அழுத்தினார்.

"ராகவி இந்த நேரம் பிள்ளைக்கு வெயில் காட்டுறவள்," என்றார், யாரிடம் என்றில்லாமல். "டெக்கிலதான் இருப்பாள்."

மணி போனது, யாரும் எடுக்கவில்லை. ஜனார்த்தன் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு ஓடினான். ரீச்சர் முன்னால் ஏறினார், யசீகரனைப் பின்னால் ஏறச் சொன்னார். கார் மோட்டர்வேயில் ஏறியபோதும் ரீச்சர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. யசீகரன் அந்த வீட்டின் அடிப்புறத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். வாசலில் நின்ற எலுமிச்சை மரம் வந்தது, கூரையில் உடைந்திருந்த இரண்டு ஓடு வந்தது, ரீச்சர் சுட்டுத் தந்த வடை வந்தது. டெக்குக்குக் கீழே என்ன இருந்தது என்று மட்டும் வரவில்லை. டோர்ச்சை உள்ளே நீட்டிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவன் இருபதுவரை எண்ணியிருந்தான்.