இலவச ஐகானும் எல்லையோரத் தண்ணீர் லாரியும்

வரைபடம் போடும் தொழிலில் பூமி உருண்டையாக இருப்பது பெரிய சிக்கல் இல்லை. ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பொருத்தமான ஐகான் கிடைப்பதுதான் சிக்கல்.

பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு மாடியறையில் கணினி வைத்து, காசில்லாமல் கிடைக்கும் திறந்தமூல மென்பொருளில் கடைக்கும் ரிசார்ட்டுக்கும் பஞ்சாயத்துக்கும் படம் போட்டுக் கொடுக்கிறேன். படத்தில் ஒட்டும் குட்டிச் சின்னங்களான ஐகான்களும் இலவசம். பனி பெய்யும் ஏதோ தேசத்தில் நல்ல மனசுக்காரர் யாரோ வரைந்து, எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் வைத்திருக்கிறார். பனிச்சறுக்கில் மட்டும் அத்தனை தினுசு. நாய் குளிப்பாட்டும் நிலையம்கூட உண்டு. கள்ளுக்கடை கிடையாது, ஜீப்பு ஸ்டாண்டு கிடையாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான், ஆனால் முட்டு வாங்குவது நான் அல்லவா! இலவசத்தை நம்பிப் பிழைக்கும் சக பாவிகளே, என் அனுபவத்தைக் கேளுங்கள். இந்தக் கோடையில் ஒரு தெருவின் குடிதண்ணீரே என் ஐகானை நம்பி நின்றது.

குமுளியில் பச்சை இலை

தண்ணீர் விவகாரத்துக்கு முன்னால் வாங்கிய அடி இது. குமுளியில் மசாலாக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டும் படம் கேட்டார். அவர் கடைக்கு ஏலக்காய் ஐகான் தேடினேன், இல்லை. மிளகு என்று தேடினால் சாப்பாட்டு மேசையில் குலுக்கும் டப்பா வந்தது. 'மூலிகை' என்று ஒரு இலை இருந்தது. விரல் விரித்த மாதிரி அழகான பச்சை இலை. பாலக்காட்டுச் சமவெளியில் வளர்ந்தவளுக்கு அது என்ன இலை என்று எப்படித் தெரியும்? ஒட்டி அனுப்பிவிட்டேன்.

இடுக்கி மலையில் கஞ்சா இலையைத் தெரியாதவர்கள் நானும் அண்ணாச்சியும் மட்டும்தான் போல. ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார்: "ஏம்மா, படம் போட்டதுல இருந்து ஏலக்காய் வாங்க ஒரு குடும்பம் வரலை. வர்ற பயலுக எல்லாம் காதுக்குள்ள வந்து, 'அண்ணே, சரக்கு இருக்கா'ங்குறான். நானும் விவரம் தெரியாம, 'நல்ல பச்சையா இருக்கு, எத்தனை கிலோ'ன்னு கேட்டுட்டேன்!"

தெருவுக்கொரு நீச்சல் குளம்

கோடையில் கிழக்கே தமிழ்நாட்டு எல்லையோரப் பஞ்சாயத்து ஒன்று என்னைக் கூப்பிட்டது. பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் வேலை வேண்டும். கிணறெல்லாம் வற்றிவிட்டது. தெருத்தெருவாகத் தொட்டி வைத்து லாரியில் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள். லாரி டிரைவருக்குப் படம் வேண்டும். படத்தில் இருக்கும் இடத்தில்தான் லாரி நிற்கும், இல்லாத இடத்துக்குத் தண்ணீர் இல்லை.

தொட்டிக்கு ஐகான் தேடினேன். தண்ணீர் சம்பந்தப்பட்டதாக முதலில் கண்ணில் பட்டது இது: அலைமேல் ஒரு தலை, ஒரு கை. தண்ணீர் இருக்கிறதே, போதாதா என்று எல்லாத் தொட்டிக்கும் அதையே ஒட்டிவிட்டேன். கமிட்டியில் படத்தைத் திரையில் போட்டதும் பிரதிபட்சமான எதிர்க்கட்சி மெம்பர்கள் சிரியோ சிரி என்று சிரித்தார்கள். பிரசிடெண்ட் சிரிக்கவில்லை. முகம் வெளுத்து, என் பக்கம் குனிந்து கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, இத்தனை நீச்சல் குளம் எந்தப் பண்டுல கட்டுனாங்க? எனக்குத் தெரியாம எப்பப் பாஸாச்சுங்க?"

இல்லாத பெட்ரோல் பங்க்

அவசரமாக ஐகானை மாற்றினேன். இந்த முறை ஓர் உருளையும் அதன்மேல் ஒரு சொட்டும். எனக்கு அது தண்ணீர்ச் சொட்டாகத்தான் தெரிந்தது. வரைந்த மகராசன் எண்ணெய்ச் சொட்டு என்று நினைத்து வரைந்திருக்கிறான். லாரி ஓட்டும் சலீமுக்கும் அப்படியே தெரிந்திருக்கிறது. பழகிய தெருக்களில் ஜனங்கள் கைகாட்டி நிறுத்திவிட்டார்கள். கடைசித் தெரு அவனுக்குப் புதுசு. டேங்கில் டீசல் நிறைய இருக்கிறது, பங்க்கில் நிற்பானேன் என்று நேரே போய்விட்டான்.

அந்தத் தெருவில் இருப்பவர் தெய்வாத்தாள் அக்கா. தென்னந்தோப்பில் தேங்காய் பொறுக்கும் வேலை. சலீமிடம் விசாரித்துக்கொண்டு, இடுப்பில் வெறும் குடத்தோடு பஸ் ஏறி நேரே என் மாடிக்கு வந்துவிட்டார். கத்தவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஏனுங்க அம்மிணி, உங்க படத்துல எங்க தெருவுல பெட்ரோல் பங்க் இருக்குதாமா. அது எங்கீங்கன்னு காட்டிக் குடுங்க, ரெண்டு லிட்டர் வித்துத் தண்ணி வாங்கிக்கறோம்."

எல்லாம் கேள்விக்குறி

எனக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது. அவரை உட்காரவைத்து, அவர் கொண்டுவந்த குடத்தைப் பார்த்து நானே ஒரு நீலக் குடம் வரைந்தேன். மென்பொருளில் சேர்த்து, எல்லாத் தொட்டிக்கும் ஒட்டி, படத்தின் கோப்பைப் பஞ்சாயத்து ஆபீசுக்கு அனுப்பினேன். "இனிமே தப்பே வராதுங்கக்கா" என்று சத்தியம் வேறு செய்தேன்.

இந்த மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. ஐகானைத் தன்னோடு எடுத்துப் போகாது. அது என் கணினியில் எங்கே இருக்கிறது என்ற விலாசத்தை மட்டும் எடுத்துப் போகும். போன இடத்தில் ஐகான் கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை வைத்துவிடும். குடத்தின் கோப்பைச் சேர்த்து அனுப்ப நான் மறந்துபோனேன். ஆபீஸ் கணினியில் பஞ்சாயத்து முழுக்க ஒரே கேள்விக்குறி. கிளார்க் அதைக் கவனிக்கவே இல்லை, அப்படியே படமெடுத்து சலீமுக்கு வாட்ஸப்பில் தள்ளிவிட்டார். மறுநாள் காலை விஷயம் தெரிந்து எனக்கு உயிரே போய்விட்டது. லாரி கிளம்பியாகிவிட்டது, சலீம் போனை எடுக்கவில்லை.

சாயங்காலம் தெய்வாத்தாள் அக்காதான் கூப்பிட்டார். திட்டு வாங்கத் தயாராகப் போனைக் காதில் வைத்தேன். "தொட்டி ரொம்பிருச்சுங்க அம்மிணி, எங்க தெருவுல எல்லாரூட்டுலயும் கொடம் ரொம்பிருச்சு" என்றார். நம்ப முடியாமல் சலீமைப் பிடித்தேன். அவன் சாதாரணமாகச் சொன்னான்: "கேள்விக்குறியாப் போட்டிருந்துச்சுக்கா. சரி, கேக்கச் சொல்றாங்கன்னு ஒவ்வொரு எடத்துலயும் எறங்கி, 'தண்ணி வேணுமா'ன்னு கேட்டேன். யாருமே வேண்டாங்கலை."

அத்தனை ஐகான்களையும் அலசித் தேடி ஒட்டிய நான் ஊருக்குச் செய்த ஒரே நல்ல காரியம், ஐகானை அனுப்ப மறந்ததுதான்.