எனக்குக் கிடைத்த கழுதை வசனம்

2011 டிசம்பர் 30. தானே புயல் ஓய்ந்த காலை, என் மகள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். வீசிங். கரண்ட் இல்லாததால் மருந்து கொடுக்கும் மெஷின் ஓடவில்லை. கணவர் வேலைக்குப் போன சிதம்பரத்தில் மாட்டிக்கொண்டார், போனும் கிடைக்கவில்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் தெருவெல்லாம் மரங்கள் சாய்ந்து கிடந்தன. "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்" என்று அழுதேன்.

வந்தவர் பக்கத்து வீட்டு ஆறுமுகம். எங்கள் குளியலறைத் தண்ணீர் அவர் பக்கம் போகிறது என்று பேரூராட்சியில் மனு கொடுத்தவர். மூன்று வருடமாகப் பேச்சில்லை. மதிலுக்கு அப்பால் நின்றார்.

"டீச்சர், கொட்டாய் மாட்டு மேல சாஞ்சிடுச்சு. ஒத்த ஆளா தூக்க முடியல. ஒரு கை புடிங்க."

எனக்கு உடனே சந்தேகம். மாடு செத்தால் பழியை என் தலையில் போடத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். முடியாது என்று சொல்ல வாயெடுத்தபோது, வருட ஆரம்பத்தில் எனக்கு வந்த வசனம் நினைவுக்கு வந்தது.

அந்த வருடப் புத்தாண்டு ஆராதனையில் எல்லோரும் அந்த வருடத்துக்கென்று ஆளுக்கொரு பைபிள் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். மற்றவர்களுக்கு ஆசீர்வாதம். எனக்கு மட்டும் மோசேயின் சட்டம்: பகைவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் விட்டுப் போகக் கூடாது, அவனோடு சேர்ந்து தூக்கிவிட வேண்டும். பாஸ்டரம்மாதான் எனக்கென்றே செருகினார் என்று ஒரு மாதம் அவரிடம் முகம் கொடுக்கவில்லை. "இது யூதருக்குச் சொன்னது, நமக்கு இயேசு இருக்காரு" என்று கணவரிடம் வாதாடினேன்.

"அந்த இயேசு எதப் படிச்சி வளந்தாருன்னு நெனச்ச?" என்றார் கணவர்.

பகைவரை நேசிப்பதை உட்கார்ந்த இடத்திலேயே ஜெபத்தில் முடித்துவிடலாம். இந்தச் சட்டம் கையைக் கேட்டது. மகளை வாசலில் என் கண்ணில் படும்படி சாய்த்து உட்காரவைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே போனேன். இருவரும் கொட்டகைக் கட்டையைத் தூக்க, மாடு தட்டுத்தடுமாறி எழுந்தது.

அப்போதுதான் அவர் மகளைப் பார்த்தார். "பாப்பாவுக்கு என்னா ஆச்சி? மொதல்லயே சொல்லக் கூடாதா?"

சந்தேகப்பட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? கோடாலியை எடுத்தார். கிளைகளை வெட்டி வெட்டி வழி பண்ணி, தன் வண்டியிலேயே எங்களை நெல்லிக்குப்பம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வழியெல்லாம், நாளைக்கு இதைச் சொல்லியே தண்ணீரை நிறுத்தச் சொல்வார் என்று யோசித்தேன். இன்றுவரை அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மகள் பிழைத்தாள். ஸ்தோத்திரம்! ஜனவரியில் நானே கொத்தனாரை அழைத்துத் தண்ணீரை எங்கள் வாழைக்குத் திருப்பினேன். பாஸ்டரம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

அன்பானவர்களே, நான் கேட்ட ஆளை ஆண்டவர் அனுப்பினார். நான்தான் அவரைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். இன்னும் சந்தேகக்காரிதான். உங்களுக்கும் சந்தேகம் வந்தால் வரட்டும், முதலில் போய்த் தூக்குங்கள்.