மூக்கில்லாத படங்கள்

கண்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஸ்டூடியோவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே ஒரே ஒரு பழைய கமராதான் இருந்தது. கலவரத்தில் கடையை உடைத்தவர்கள் புதிய கமராக்கள் இரண்டையும் கொண்டுபோயிருந்தார்கள். இதை மட்டும் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்களாம். யாழ்ப்பாணத்துக்காரரான முதலாளிக்குக் கடை உடைந்ததைவிட அதுதான் பெரிய மனவருத்தம். "திறமான ஜெர்மன் சாமான். கள்ளருக்கு விளங்கேல்லை" என்பார்.

ஒரு மார்கழிக் குளிரில் அதன் ஷட்டர் சோம்பத் தொடங்கியது. லென்சுக்குள் இருக்கும் மெல்லிய இரும்பு இதழ்கள் பட்டென்று திறந்து மூடவேண்டும். அவையோ கொட்டாவி விடுவதுபோலத் திறந்து, யோசித்து மூடின. முதலாளி ஒரு கோழி இறகையும் தையல் மெஷின் எண்ணெயையும் எடுத்துவந்தார். இதழ்களில் எண்ணெய் படவே கூடாது என்று கடையிலிருந்த பழைய கையேட்டில் படித்திருந்தேன். அதை மெதுவாகச் சொன்னேன். "எண்ணெய் விடாமல் எந்த மெஷின் ஓடும், பிள்ளை?" என்றார். தன்மேல் பிழை என்று அவர் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

இரண்டு நாள் ஷட்டர் அருமையாக ஓடியது. பிறகு எண்ணெயில் தூசி சேர்ந்து பசையாகி, இதழ்கள் ஒட்டிக்கொண்டு மூட மறுத்தன. பல மடங்கு வெளிச்சம் உள்ளே போனதால் முகங்கள் வெள்ளை வெளேரென்று வந்தன. இரண்டு கண், ஒரு வாய். மூக்கு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அடையாள அட்டைக்குப் படமெடுக்க ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை. "எம்புட்டுச் செவப்பா இருக்கேன் பாருங்க" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டே போனார்கள். முதலாளியும் தன் படத்தைக் கண்ணாடியோரம் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, புதிய அட்டைக்கு அதையே அனுப்பினார். என்னுடையதும் கூடவே போனது.

அட்டைகள் வந்தபின் ஒரு காலை, நான் வேலைக்கு வரும் வழியில் ஹந்தானை வீதிக் காவலரணில் இருந்த சார்ஜன்ட் என் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மே கவுத?" இது யார் என்று சிங்களத்தில் கேட்டார். நான்தான் என்றேன். நம்பவில்லை. அப்படி நிறுத்தப்பட்டவர்கள் வீடு திரும்ப மாதக்கணக்கானதை நான் கண்டிருக்கிறேன். என்னை மண்மூட்டையோரம் நிற்கச் சொன்னார்.

என்னோடு நடந்துவந்த தோட்டத்துப் பெண் கடைக்கு ஓடிப்போய்ச் சொல்ல, முதலாளி மூச்சிரைக்க மேடேறி வந்தார். நான் அவருடைய கடையில் வேலை செய்பவள் என்று சொல்லித் தன் அட்டையையும் நீட்டினார். சார்ஜன்ட் இரண்டையும் அருகருகே வைத்தார். அண்ணனும் தங்கையும்போல இருந்தோம். பின்னால் நின்ற சிப்பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இரண்டு பேருக்கும் ஏன் மூக்கில்லை?" என்று சார்ஜன்ட் கேட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு அரசாங்கக் கந்தோர்களில் அலுவல் பார்த்துப் பழகிய தன் சிங்களத்தில், ஷட்டருக்கு எண்ணெய் விட்டது தன் பிழை, இந்தப் பிள்ளை அப்போதே வேண்டாமென்று சொன்னது, தான்தான் கேட்கவில்லை என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். சிப்பாய்களின் துவக்குகளுக்கு முன்னாலும் அது அவருக்குச் சுலபமாக வரவில்லை. சார்ஜன்ட் சிரித்துவிட்டு அட்டைகளைத் திருப்பித் தந்தார்.

அன்றே முதலாளி இதழ்களைப் பெற்றோலில் கழுவிக் காயவைத்தார். தோட்டத்துப் பெண்களைத் திரும்ப வரச்சொன்னோம். "எங்களுக்கு இதுவே போதுங்க" என்று பாதிப்பேர் வரவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் பல வருடம் மாற்றவில்லை. காவலரணில் அந்த முகம் பழகிவிட்டது.

அடுத்த வாரம் சார்ஜன்ட் சாதாரண உடையில் கடைக்கு வந்தார். பெண் வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டுமாம், எங்கள் அட்டைகளில் இருந்ததுபோலவே. முதலாளி ஷட்டரை மெதுவாக ஓடும்படி திருப்பிவைத்து எடுத்துக்கொடுத்தார்.

சில நாளில் சார்ஜன்ட் மறுபடி வந்தார். பெண் வீட்டாருக்குச் சம்மதம். அவர்கள் அனுப்பிய பெண்ணின் படத்தைப் பெருமையோடு மேசையில் வைத்தார். முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு கண், ஒரு வாய்.

"அங்கையும் எண்ணெய் விட்டிருக்கினம், பிள்ளை" என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று சார்ஜன்ட் என்னிடம் சிங்களத்தில் கேட்டார். பெண் மிகவும் அழகாம் என்றேன்.